ஈர விறகின் கணக்கு

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் படிக்க வருகின்ற மாணவர், வந்த முதலாண்டிலேயே இரண்டு மழைகளைக் கண்டு விடுகின்றார். சூன் மாதத் தொடக்கத்தில் கடலிலிருந்து ஏறி வருவது இடவப்பாதி. ஐப்பசியில் மாலைதோறும் இடி முழக்கத்தோடு வருவது துலாவர்ஷம். இவை உள்ளிட்டு இந்நகரில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. யான் கோவில்பட்டிப் பக்கத்தான். எங்கள் கரிசல் மண்ணில் இதில் பாதியும் பெய்வதில்லை. அங்கே அடுப்பு மூட்டுவதை ஒரு கலை என்று சொன்னால் சிரிப்பார்கள். சீமைக்கருவேலங் குச்சி நாலை ஒடித்து வைத்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் போதும், காரியம் முடிந்தது.

இங்கே அப்படியன்று. காரியவட்டம் வளாகத்திலிருந்து விடுமுறைக்குப் பொன்முடிப் பக்கமோ விதுரைப் பக்கமோ முகாம் செல்லும் நண்பர் குழுக்களை நாம் அறிவோம். மழையில் நனைந்து, பசித்து, ஒரு பெட்டித் தீக்குச்சியையும் ஒரு செய்தித்தாளையும் தீர்த்து, கண்ணெரிச்சலையும் புகையையும் மட்டும் கண்டு, ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் படுப்பது அக்குழுக்களில் வழக்கமாகிவிட்டது. இது முகாமுக்குச் செல்பவர் கவலை மட்டும் என்றும் எண்ணற்க. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தின்போது இம்மாநிலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு முகாம்களில் இருந்தனர். மின்சாரமும் எரிவாயுவும் எட்டாத இடத்தில், நனைந்த விறகைக் கொண்டு ஒரு பானை நீரைக் கொதிக்க வைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய வேறுபாடு அன்று.

ஈர விறகு ஏன் எரிவதில்லை? 'ஈரமாக இருப்பதால்' என்பது விடையாகாது. நீர் நெருப்பை அணைக்கும் என்று நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருப்பதால், அதற்கு மேல் எண்ணிப் பார்ப்பதில்லை. பௌதிக மாணவர்க்கு உரிய முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நன்கு காய்ந்த விறகு ஒரு கிராம் எரிந்தால் சுமார் 4,500 கலோரி வெப்பம் தரும். மறுபக்கம், ஒரு கிராம் நீரை நம் ஊர் வெப்பநிலையாகிய 27 பாகையிலிருந்து 100 பாகை செண்டிகிரேடுக்குக் கொண்டுவர 73 கலோரி வேண்டும். பிறகு அதனை நீராவியாக்க உள்ளுறை வெப்பமாக 540 கலோரி வேண்டும். ஆகக் கூடுதல் 613. இப்பொழுது வெட்டிய பச்சை மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கிலோ விறகுப் பொருளோடு ஒரு கிலோ நீர். விறகு தருவது 45 இலட்சம் கலோரி. நீர் கேட்பது 6 இலட்சத்துச் சொச்சம். வரவில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான செலவு! இந்தக் கணக்கின்படி பச்சை மரமும் எரிந்தே தீர வேண்டும். ஆறு பங்கு வெப்பம் மிச்சமாகவும் வேண்டும்.

கணக்கு சரியே. ஆனால் நீர் தனக்குச் சேர வேண்டியதை முன்பணமாகக் கேட்கிறது. விறகு தன் வெப்பத்தைத் தருவதோ பின்னால். இடர் முழுவதும் இந்த முன்பின்னில்தான் இருக்கிறது.

விறகு எரிகிறது என்று நாம் சொல்கிறோமே, சுடராக எரிவது விறகு அன்று. 250, 300 பாகை வரை சூடேறும்பொழுது மரப்பொருள் சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. அவ்வாயுக்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிவதே சுடர். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு இவ்வாறு வாயுவாகவே போகும். எஞ்சும் கரிதான் தணலாகக் கனல்கிறது. ஒரு குச்சியின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அவ்விடத்தின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. கொதிக்கும் கஞ்சிப் பானை எப்படித் தீய்வதில்லையோ அப்படி. நூறு பாகையில் மரம் சிதையாது, வாயு வாராது, சுடரும் இல்லை. எனவே நீர் முழுதும் வெளியேறிய பின்பே விறகு தன் முதல் கலோரியைக் கொடுக்கத் தொடங்கும். அதுவரை ஆகும் செலவை வேறு யாராவது ஏற்க வேண்டும்.

தொடக்கத்தில் நம் கையில் உள்ள முதல் எவ்வளவு? ஒரு தீக்குச்சி. அதன் எடை ஏறக்குறையப் பத்தில் ஒரு கிராம். முழுதும் எரிந்தாலும் 400 கலோரிக்குச் சற்று மேல். விரல் சுடும் முன் நாம் பாதியில் விட்டுவிடுவோம். தருவதிலும் பெரும்பகுதி மேலே போகும் காற்றோடு போய்விடும். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளமுள்ள பச்சைக் குச்சியில் நாலைந்து கிராம் நீர் இருக்கும். அது கேட்கும் முன்பணம் மூவாயிரம் கலோரிக்கு அருகில். தீக்குச்சியால் ஆகுமா? ஒரு பெட்டியைக் கிழித்தாலும் ஆகாது. ஆனால் துடைப்பத்து ஈர்க்குப் போன்ற மெல்லிய குச்சி ஒன்றை, அதுவும் பாதி காய்ந்ததாக, எடுத்துக்கொண்டால் அதிலுள்ள நீர் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குதான். முன்பணம் முப்பது கலோரி. இதனை ஒரு தீக்குச்சி எளிதில் கட்டிவிடும். கட்டியவுடன் ஈர்க்கு தன்னுடைய ஆயிரம் கலோரியை நம் கையில் தருகிறது. அதைக் கொண்டு அடுத்த குச்சியின் கடனைத் தீர்க்கலாம்.

மழையில் தீ மூட்டும் கலை என்று சொல்லப்படுவது அனைத்தும் இதற்குள் அடக்கம். சிறிதிலிருந்து பெரிதுக்குச் செல்வது; ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள வெப்பம் அடுத்த படியின் முன்பணத்திற்குப் போதுமா என்று பார்த்துக்கொள்வது. ஈர்க்குப் பருமன், பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன், பிறகு கைத்தடிப் பருமன். நம்மவர் ஈர்க்கிலிருந்து நேரே கைத்தடிக்குத் தாவுகின்றார்கள். தீ அணைகிறது. பிறகு விறகைப் பழிக்கிறார்கள்.

எடை ஒன்றாயிருக்க, குச்சியின் பருமனைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு இரட்டிப்பாகும். வெப்பம் உட்புகுவதும் நீராவி வெளியேறுவதும் மேற்பரப்பின் வழியேதான். ஆதலால் கத்தி ஒன்று கையிலிருப்பது தீப்பெட்டி இரண்டு இருப்பதைக் காட்டிலும் மேல் என்பது என் கருத்து. கட்டைவிரல் பருமனுள்ள கொம்பைப் பிளந்து, உள்மரத்தை மெல்லிய சுருள்களாகச் சீவுக; ஆனால் சீவலைத் துண்டித்து விடாமல் கொம்பின் நுனியிலேயே பூப்போல நிற்க விடுக. இத்தகைய கொம்பு நாலைந்து இருந்தால் காகிதம் வேண்டுவதில்லை. செய்தித்தாளோ, ஈரக் காற்றில் சில மணி நேரம் கிடந்தாலே பதமிழந்து, கருகிச் சுருளுமேயன்றிச் சுடர் விடாது.

உள்மரம் என்றேன். அங்கேதான் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மழையில் நனைந்த மரம் வேறு, பச்சை மரம் வேறு. பச்சை மரத்தில் நீர் அதன் குழாய்களிலும் உயிரணுச் சுவர்களிலும் நிறைந்திருக்கும். பட்டுப்போய், நின்ற நிலையிலேயே உலர்ந்த கிளையில் மழைநீர் பெரும்பாலும் மேலாகத்தான் இருக்கும். மரநார் ஓடும் திசையில் நீர் விரைவாக ஏறும். நாருக்குக் குறுக்கே மிக மெதுவாகத்தான் நுழையும். ஆகவே பட்டையோடு நிற்கும் பட்ட கிளையைப் பிளந்தால், மூன்று நாள் மழைக்குப் பின்னும் உள்ளே உலர்ந்த மரம் கிடைக்கும். தரையில் விழுந்து கிடப்பது அப்படியன்று. கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உளுத்த மரமானால் பஞ்சுக்கு ஒப்பானது. இப்பகுதி எங்கும் உள்ள ரப்பர் மரத்தின் விறகு, காய்ந்திருந்தால் நன்றாகவே எரியும். ஆனால் மழையில் விரைவில் உளுத்துப்போகும் இனம். ரப்பர்த் தோட்டத்தில் தரையில் கிடக்கும் பழைய கொம்புகளைப் பொறுக்குவது வீண் வேலை. ஒடித்துப் பாருங்கள்: 'படக்' என்று ஒடிந்தால் எடுத்துக்கொள்க; வளைந்தாலோ சத்தமின்றி உதிர்ந்தாலோ விட்டுவிடுக.

கூரைக்கு அடியில் வைத்த விறகும் இங்கே முழுதும் உலர்ந்ததன்று. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக இருக்கும் இடத்தில் மரம் தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 9 அளவு நீரோடு அமைதி கொள்ளும். ஈரப்பதம் 90 ஆனால் நூற்றுக்கு 20. மழையே படாத விறகும் இடவப்பாதியில் ஐந்தில் ஒரு பங்கு நீரைக் காற்றிலிருந்தே குடித்துவிடுகிறது. இதனால்தான் இப்பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் கட்டி, நாளைய விறகை இன்றைய புகையிலே காய வைத்தார்கள். விதுரைக்கு அருகே நாங்கள் முகாமிட்டபொழுது எங்களுக்குச் சமைத்துத் தந்த குலசேகரத்து மூதாட்டி ஒருவர், நாங்கள் ஈர விறகை அடுப்புக்குள் திணிப்பதைப் பார்த்துவிட்டு, "மக்களே, அதைத் தீக்குள்ள வைக்காண்டாம், தீக்குப் பக்கத்துல வையுங்க. அது தன்னால வரும்" என்றார். முன்பணக் கணக்கை இதைக் காட்டிலும் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது. எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி சுற்றுப்புறத்தில் சிதறி வீணாகிறது. அச்சிதறல் வெப்பத்திலே அடுத்த விறகைக் காய வைத்தால், முன்பணம் நமக்குச் செலவில்லாமல் கட்டப்பட்டுவிடும். தீயைச் சுற்றி வட்டமாக விறகுகளைச் சாய்த்து நிறுத்தி, ஆவி பறப்பது நின்ற பின் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுக.

சங்க காலத்தாரும் இதனை அறிந்திருந்தனர் போலும். தீக்கடைக்கோலுக்கு அவர்கள் இட்ட பெயர் ஞெலிகோல். அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், வீட்டின் இறப்பிலே செருகி வைக்கப்பட்ட ஞெலிகோல் உவமையாக வருகின்றது. வெளியே தெரியாமல் அடங்கி இருக்கும் ஆற்றலைக் காட்ட வந்த உவமை அது. என் போன்ற விஞ்ஞான மாணவனுக்கோ அக்கோலை வைத்த இடத்தின்மேல் கண் செல்கிறது. இறப்பு என்பது மழை படாது, அடுப்புப் புகை தவழும் இடம். கடைகோல் ஈரமானால் எத்தனை கடைந்தும் பயனில்லை. புலவர்க்கு உவமை கிடைப்பதற்கு முன்னரே வீட்டுக்காரர்க்குப் பௌதிகம் தெரிந்திருக்கிறது!

முதல் சுடருக்கு உரிய பொருள்களில் நம் சூழல் செல்வமுடையது. தென்னை ஒன்றே போதும். காய்ந்த பாளையை இங்குள்ளோர் கொதும்பு என்பர். அதன் வெளிப்பக்கம் வழவழப்பாய் நீரை வழித்துவிடும். நெடுக்கே கிழித்தால் உள்ளே உலர்ந்த நார் கிடைக்கும். ஓலையை இறுகக் கட்டிச் சூட்டு என்று பெயரிட்டு, மழைக்கால இரவில் வீசி வீசி நடந்தது இந்நாட்டு வழக்கம். வீசினால் காற்றுப் பட்டுச் சுடர் விடும். நிறுத்தினால் கனலாக அடங்கும். தேங்காய் மட்டையின் நார் நனைந்துவிட்டால் பயன்படாது, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சிரட்டை அப்படியன்று. அது அடர்த்தியானது, எளிதில் நீர் ஏறாது. முதலில் பற்றத் தயங்கும். பற்றியபின் விறகை வெட்கச் செய்யும்.

நீரோடு உறவே இல்லாத எரிபொருள்களும் உள. ரப்பர் வெட்டும் தொழிலாளர் சிரட்டையிலும் வெட்டுவாயிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை ஒட்டுப்பால் என்பர். அது நீரை ஏற்காது. விறகைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தரும். கொட்டும் மழையிலும் எரியும். கரும்புகை விடும் என்பதால், அது எரிந்து அடங்கும்வரை பாத்திரத்தை ஏற்றற்க. மலையில் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் மரப்பிசினாக உள்ளன. ஆனால் அவற்றுக்காக மரத்தை வெட்டிக் காயப்படுத்துவது முறையும் அன்று, சட்டமும் ஒப்பாது. நமக்கு அவை வேண்டுவதும் இல்லை. தமிழர் வீட்டு மாடத்தில் எப்பொழுதும் இருக்கும் கற்பூரம், ஈர நாட்டுக்கென்றே படைக்கப்பட்டாற்போன்ற பொருள். நீரில் கரைவது மிகச் சிறிது. 65 பாகை அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பிவிடும். முன்பணமே கேட்காத கடன்காரன்! வில்லை பத்தை இறுக மூடிய சிறு டப்பாவில் போட்டுக் கொண்டு செல்க. இறுக மூடாவிட்டால் டப்பாவைத் திறக்கும்பொழுது மணம் மட்டும் இருக்கும்.

வட நாடுகளின் குளிர்க் காடுகளில் இவ்வேலையைப் பூர்ஜ மரத்தின் பட்டை செய்கிறது. எண்ணெய்ப்பசை உள்ள அப்பட்டை நனைந்தாலும் எரியும். ஜாக் லண்டன் 1908-இல் வெளியிட்ட தீ மூட்டும் கதையில், பயணி அப்பட்டையைக் கொண்டு எளிதாகத் தீயை வளர்த்துவிடுகிறான். ஆனால் அதனைப் பனி சுமந்த ஒரு மரத்தின் கீழ் வளர்க்கிறான். கிளையிலிருந்து பனி சரிந்து தீ அணைகிறது. அவன் உயிரும் போகிறது. நம் மலைகளில் பனி இல்லை. ஆனால் மழை நின்று ஒரு மணி நேரம் சென்ற பின்னும் மரம் சொட்டிக்கொண்டிருக்கும். மழைக்கு ஒதுங்க மரத்தடி நல்லதென்று தோன்றும். தீ மூட்டுவதற்குத் திறந்த வெளியில் ஒரு சாய்ந்த தார்ப்பாயே மேல்.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கொண்டு செல்லும் நண்பர்களும் உளர். அவர்கள் கணக்கை நான் ஒப்பமாட்டேன். ஈர விறகின்மேல் பெட்ரோலை ஊற்றினால் எரிவது பெட்ரோல், விறகன்று. 'குப்'பென்று எழுந்து, மேலே வெப்பத்தை வீசிவிட்டு, விறகின் உள்ளீரத்தைத் தொடுமுன் தீர்ந்துவிடும். தணல் இருப்பது தெரியாமல் இரண்டாம் முறை ஊற்றுகிறவர் கையிலுள்ள குப்பிக்கே தீ ஏறும்.

தீக்குச்சியைப் பற்றிச் சொல்லாமல் செல்வது எங்கள் ஊருக்கு நான் செய்யும் துரோகமாகும். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அடுத்த ஆண்டில் சொந்த ஊரில் தொடங்கினர். அத்தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். மருந்து தோய்த்த குச்சி அங்கே வெறுங்காற்றிலேயே காய்ந்துவிடும். ஆனால் குச்சிக்குரிய மரம் கரிசலில் இல்லை. மட்டி, பெருமரம் என்றெல்லாம் அழைக்கப்படும் மென்மரம் கேரளத்திலிருந்து குச்சியாகச் சீவப்பட்டு அங்கே செல்கிறது. இந்த ஈர நாட்டு மரம் எங்கள் ஊரில் காய்ந்து, தலையில் மருந்தேறி, மீண்டும் இந்த ஈர நாட்டுக்கே வருகிறது. வந்தவுடன் பழைய குணத்தைக் காட்டுகிறது!

குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரம். இரண்டும் உரசினால்தான் தீ. இவற்றைப் பிடித்துவைப்பது பசை. பசை ஈரத்தில் இளகும். பலரும் குச்சியைக் காக்கிறார்கள். பெட்டியின் பக்கத்தை மறக்கிறார்கள். மழைக்காலத்தில் முதலில் கெடுவது பக்கத்து மருந்துதான். இரண்டு உரசலில் தோல்போல் உரிந்துவிடும். குச்சிகளோடு அப்பக்கத்தையும் வெட்டி, அகன்ற வாயுள்ள மருந்துக் குப்பியில் போட்டு மூடி வைக்க வேண்டும். குச்சியை உருகிய மெழுகில் தோய்த்து வைத்தால் இன்னும் நல்லது. கிழிக்குமுன் தலையிலுள்ள மெழுகை நகத்தால் சுரண்டிவிடுக. சிகரெட்டு லைட்டரை நம்பிச் செல்பவர், நனைந்த சக்கரம் பொறி தராது என்பதை நினைவில் வைக்கவும்.

அடுப்பு அமைப்பது எளிது. ஈரத்தரையில் நேரே மூட்டினால் தரையும் தன் முன்பணத்தைக் கேட்கும். கையளவு பருமனுள்ள கட்டைகள் நாலைந்தை அடுக்கித் தளமாக்கி, அதன்மேல் மூட்டுக. காற்றும் அடியிலிருந்து வரும். ஆற்றிலிருந்து எடுத்த கல்லை அடுப்புக்கல்லாக வைத்தல் கூடாது. நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியாகி வழி கிடைக்காதபொழுது கல் வெடித்துச் சிதறும். கண்ணுக்கு நேராக வரும்.

ஒற்றை விறகு எரியாது என்பது நம் அடுக்களைகளில் எல்லோரும் அறிந்தது. காரணம் சுவையானது. எரியும் விறகு தன் வெப்பத்தை எல்லாத் திசைகளிலும் கதிராக வீசி இழந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு விறகு எரிந்தால், இது வீசுவதை அது வாங்குகிறது. அது வீசுவதை இது வாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். மிக நெருங்கினால் காற்று நுழையாது. மிக விலகினால் வெப்பம் சேராது. புகை மிகுந்தால் அது வெளியேறிப் போகும் எரிபொருள் என்று அறிக. எரிய வேண்டிய வாயுதான், சுடரின்றி, வெண்புகையாக நம் கண்ணுக்கு வருகிறது. அப்பொழுது மேலும் விறகு வைப்பது தவறு. ஊதுகுழலால் அடித்தணலில் மெல்ல நீளமாக ஊதிச் சுடரை வருவிக்க வேண்டும். மேலே ஊதினால் சுடர் அணையும்.

விறகு பொறுக்கும்பொழுது இரண்டொன்றை விலக்குக. அரளிக் கொம்பில் நஞ்சு உண்டு. அதில் சமைப்பதோ, அதைக் குச்சியாக்கி உணவைச் சுடுவதோ ஆகாது. மலையடிவாரத்துச் சேரு மரத்தின் கரும்பால் தோலில் கொப்புளம் எழுப்பும். பெயர் தெரியாத மரத்திலிருந்து கரும்பிசின் வடிந்திருந்தால் தொடாமல் செல்வதே நன்று.

எங்கே மூட்டலாம் என்பதும் ஒரு கேள்வி. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடம் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. போனக்காட்டிலிருந்து அதிருமலை வழியாக ஏறும் அப்பயணம் வனத்துறையின் அனுமதியோடு மட்டும் நடைபெறுவது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்கு ஊறு விளையும் வகையில் தீ மூட்டுவதையும் மூட்டிய தீயை விட்டுச் செல்வதையும் தடை செய்கிறது. ஆதலால் நான் இதுவரை எழுதியவை உரியவர் இசைவு பெற்ற தோட்டங்களுக்கும், முகாம் முற்றங்களுக்கும், பேரிடர்க் காலத்துக்குமே உரியன.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானதென்று நான் கருதுவது. மழை பெய்யும் இரவில் குளிர் வாட்டும்பொழுது, அரும்பாடுபட்டு மூட்டிய தீயை வெளியே விட மனம் வருவதில்லை. 'தணலை மட்டும் ஒரு சட்டியில் எடுத்துக் கூடாரத்துக்குள் வைப்போம். புகைதான் இல்லையே' என்று யாரேனும் ஒருவர் சொல்வார். புகை இல்லை என்பதுதான் ஆபத்து. போதிய காற்றின்றிக் கனலும் கரி, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதனைப் பற்றிக்கொள்கிறது. பிறகு பிராணவாயுவைச் சுமக்க இடமிராது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். மலையேறிக் களைத்தவனுக்கு இவையெல்லாம் களைப்பாகவே தோன்றும். 'உறங்கினால் சரியாகும்' என்று படுப்பான்.

2020 சனவரியில் நேபாளத்து மலைவாசத்தலமாகிய தாமனில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்றவர்களில் எட்டுப் பேர் விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். ஒரு குடும்பம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தது. மற்றொன்று கோழிக்கோட்டைச் சேர்ந்தது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்து எரிவாயுக் கணப்பை ஏற்றி உறங்கியிருந்தனர். அத்திருவனந்தபுரத்துக் குடும்பத்தின் ஊராகிய செங்கோட்டுகோணம் நம் காரியவட்டம் வளாகத்துக்குப் பக்கத்தது. கரிச்சட்டியானாலும், எரிவாயு அடுப்பானாலும், பெட்ரோமாக்ஸ் விளக்கானாலும், மூடிய கூடாரத்தில் நிகழ்வது ஒன்றே. ஈரமான கூடாரத் துணி இன்னும் மோசம். நூலிடைத் துளைகளை நீர் அடைத்துவிடுவதால் காற்றுப் போக்கு மேலும் குறையும். வெப்பம் வேண்டுவோர் நீரைக் கொதிக்க வைத்துக் குப்பியில் அடைத்து, துணி சுற்றிப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளலாம். நீராவியாக்க நம்மைத் துன்புறுத்திய அதே நீர், இங்கே தான் வாங்கிய வெப்பத்தை இரவு நெடுநேரம் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். ஒருவர்க்குத் தலைவலி என்றால் எல்லோரையும் எழுப்பி, உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வருக, மழையாயிருந்தாலும் வருக.

தீயை அணைப்பதில் மழைக்காலத்தார் அலட்சியமாயிருப்பர். ஈரமண் தானே அணைத்துவிடும் என்று எண்ணுவது பொருந்தாது. மேல்மண் ஈரமாயிருக்க, தீக்கடியில் காய்ந்துபோன சருகுமண்ணும் வேரும் மணிக்கணக்கில் கனலும். நீரை ஊற்றி, கோலால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே வைத்துப் பார்த்து, சூடு தெரியாதபொழுதே விட்டகல வேண்டும். அணைக்குமுன், அன்றைய தணலின் ஓரத்தில் ஈர்க்குப் பருமனும் பென்சில் பருமனுமாக இரண்டு கைப்பிடிக் குச்சிகளைக் காய வைத்து, சூடாறியதும் பாலித்தீன் உறையிலிட்டு இறுகக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்க. காலையில் காப்பி போடுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.